யாரும் கேட்காத சனிக்கிழமை வேலை

வாசகி ஒருவர் அனுப்பிய நீண்ட கடிதத்துக்கு இந்த வாரம் பதில் எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 38. கட்டட வடிவமைப்பு நிறுவனம் ஒன்றில் பொறியாளர். ஆறு பேர் கொண்ட குழுவுக்குப் பொறுப்பாளர். குழுவினர் தயாரிக்கும் கணக்கீடுகளையும் வரைபடங்களையும் கடைசியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்பது மணி நேர வேலை. அதற்கு மேல், கடந்த மூன்று ஆண்டுகளாகச் சனிக்கிழமை காலையில் ஆறு மணி நேரமும் ஞாயிறு இரவில் நான்கு மணி நேரமும் வீட்டில் மடிக்கணினியைத் திறந்துவைத்து வேலை செய்கிறார். "யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கு மேலே இருப்பவர் ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மின்னஞ்சல் அனுப்புவார்; அதற்குப் பதில் போடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. நானாகத்தான் செய்கிறேன். வார நாட்களில் முடிக்க முடியாத அளவுக்கு நான் மெதுவாக வேலை செய்கிறேன் என்றே நினைக்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்.

கணவர் மருத்துவமனை ஆய்வகத்தில் சுழற்சி முறையில் பணிபுரிகிறார். மாதத்தில் இரண்டு ஞாயிறு அவருக்கும் வேலை உண்டு. "நானும்தான் ஞாயிற்றுக்கிழமை போகிறேன். ஆனால் வேலை முடிந்து வந்தால் முடிந்தது. உனக்கு அது முடிவதே இல்லை" என்கிறார் அவர். வேலையை விட்டுவிடலாமே என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒன்பது வயது மகள் முன்பெல்லாம் சனிக்கிழமை காலையில் வந்து, "எப்போது முடியும்?" என்று கேட்பாளாம். இப்போது கேட்பதில்லை. எது வேண்டுமானாலும் நேரே அப்பாவிடம் போய்விடுகிறாள். சென்ற மாதம் ஒரு ஞாயிறு முழுவதும் கணினியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார். நண்பகலுக்குள் தலைவலி, எரிச்சல், வீட்டில் எல்லோர் மீதும் கோபம். இரவு கணினியைத் திறந்த பிறகே மனம் அடங்கியிருக்கிறது.

கடிதத்தின் இறுதியில், வேறு பேச்சுக்கு நடுவே, ஒரு வரி இருக்கிறது: "என் குழுவில் இருப்பவர்களில் நான்கு பேர் இப்போது வாரயிறுதியிலும் வேலை செய்கிறார்கள். நான் அவர்களைக் கேட்டதே இல்லை."

அவர் கேட்கும் கேள்விகள் மூன்று. இது ஒரு நோயா, போதையா? நிறுத்தினால் சோம்பேறி என்ற பெயர் வந்துவிடுமா? மறுப்பதற்கு எனக்கு உரிமை உண்டா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்வதற்கு முன்னால், நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. நீங்கள் மெதுவாக வேலை செய்கிறீர்கள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஓர் ஆதாரம்கூட இல்லை. அதற்கு மாறான ஆதாரம்தான் நிறைய இருக்கிறது. சனிக்கிழமை காலையில் ஆறு மணி நேரத்தில் எவ்வளவு முடிகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "வாரத்தில் இரண்டு நாட்களில் முடியாதது அன்று முடிந்துவிடும், தொலைபேசி இல்லை, கூட்டம் இல்லை, யாரும் மேசைக்கு வருவதில்லை." மெதுவாக வேலை செய்பவர் சனிக்கிழமையிலும் மெதுவாகத்தான் செய்வார். நாள் மாறியதும் வேகம் இரட்டிப்பாகிறது என்றால், கோளாறு உங்கள் கையில் இல்லை, வார நாட்களின் அமைப்பில் இருக்கிறது. சரிபார்ப்பு என்பது இடையறாத கவனத்தைக் கேட்கும் வேலை. கவனத்தைத் துண்டு துண்டாக வெட்டும் ஐந்து நாட்களில் அதற்கு இடமில்லாததால், அது இடமிருக்கும் நாளைத் தேடிப் போயிருக்கிறது.

வாரயிறுதியில் வேலை செய்பவர்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்ப்பது தவறு என்பதால் இதை முதலில் சொல்கிறேன். உங்கள் கணவரைப் போல, மருத்துவமனை, போக்குவரத்து, மின்சாரம், காவல் போன்ற துறைகளில் இருப்பவர்களின் ஞாயிறு வேலை பட்டியலில் எழுதப்பட்டது. அதற்கு ஈடாக வேறொரு நாள் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. கூடுதல் ஊதியம் இல்லாமல் குடும்பம் நடத்த முடியாதவர்களின் வேலை வேறு வகை. அவர்களிடம் ஓய்வின் அருமையைப் பற்றிப் பேசுவது பசித்தவரிடம் செரிமானத்தைப் பற்றிப் பேசுவது போன்றது. வேலையில் உண்மையாகவே மகிழ்ச்சி காண்பவர்கள் உண்டு. வீட்டில் இருப்பதைவிட வேலையில் இருப்பது எளிதாக இருப்பதால் அதற்குள் ஒதுங்குபவர்களும் உண்டு. உங்களுடையது இவற்றில் எதிலும் அடங்கவில்லை: யாரும் கேட்காத, எந்தக் கணக்கிலும் ஏறாத வேலை அது. நான் இதுவரை பேசியவர்களில் மிக அதிகமாகச் சோர்ந்துபோனவர்கள் இந்த வகையினர்தான். தாங்களே விரும்பிச் செய்வதாக நினைப்பதால், களைத்துப்போனோம் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும் தங்களுக்கு இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

"யாரும் கேட்கவில்லை" என்பது பற்றி

யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து, இது முழுக்க முழுக்க உங்கள் விருப்பம் என்ற முடிவுக்கு நீங்கள் போய்விடுகிறீர்கள். அந்தத் தாவலை நான் ஏற்கவில்லை. அலுவலகங்களில் கட்டளைகளைவிட ஊகங்கள் அதிகம் வேலை வாங்குகின்றன. லாரா ஜியூர்ஜ், வனேசா போன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வுகளில், வேலை நேரத்துக்கு வெளியே வரும் அவசரமற்ற மின்னஞ்சல்களைப் பெறுபவர்கள், அனுப்பியவர் எவ்வளவு விரைவில் பதிலை எதிர்பார்க்கிறார் என்பதை உண்மையைவிட மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். "இது அவசரம் இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்புபவர் ஒரு வரி சேர்த்தபோது அந்த இடைவெளி குறைந்தது. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மேலாளர் எந்த மனநிலையில் அனுப்புகிறார் என்று எனக்குத் தெரியாது. நீங்களும் மூன்று ஆண்டுகளில் அவரிடம் கேட்டுப் பார்த்ததாக எழுதவில்லை. திங்கள் காலைக்குள் மறந்துபோகாமல் இருக்க அவர் அனுப்பிவைக்கும் குறிப்பாகவும் அது இருக்கலாம்.

இதே கண்ணாடியை இப்போது உங்கள் குழுவின் பக்கம் திருப்பிப் பாருங்கள். உங்கள் திருத்தங்கள் அவர்களுக்குச் சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போய்ச் சேருகின்றன. நீங்கள் எதையும் கேட்கவில்லை. உங்கள் மேலாளரும்தான் எதையும் கேட்கவில்லை. உங்களைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் இறுதியில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்திலேயே மிகவும் கனமானது என்று நான் நினைக்கிறேன். அந்த நான்கு பேரில் யாராவது ஒருவர், "நான் மெதுவாக வேலை செய்கிறேன் போலிருக்கிறது" என்று வேறோர் ஆலோசகருக்கு எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் வாரந்தோறும் செய்யும் பத்து மணி நேர வேலை நிறுவனத்தின் எந்தத் திட்டத்திலும் இல்லை. அடுத்த பணிக்கு எத்தனை நாள் வேண்டும் என்று மேலிடம் கணக்கிடும்போது, சென்ற பணி ஐந்து நாள் வாரத்தில் முடிந்ததாகத்தான் அவர்களுக்குத் தெரிகிறது. எனவே அடுத்ததற்கும் அதே நாட்களையே தருகிறார்கள். அது போதாமல் நீங்கள் மீண்டும் சனிக்கிழமையை எடுத்துக்கொள்கிறீர்கள். உங்கள் உழைப்பு ஒரு பற்றாக்குறையை மூடி மறைக்கிறது. கண்ணில் படாத பற்றாக்குறையை யாரும் சரிசெய்யப் போவதில்லை. கடமை உணர்வோடு செய்யும் ஒன்று நிறுவனத்துக்கே தவறான தகவலைத் தந்துகொண்டிருக்கிறது என்பதைச் சற்று யோசித்துப் பாருங்கள்.

நோயா, போதையா?

வேலைப் போதை என்ற பெயரில் தனியான நோய் எதுவும் மருத்துவ நோய்ப் பட்டியல்களில் இல்லை. வேலையால் வரும் முற்றுச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் விளக்கியபோதும், அதை நோய் என்று சொல்லவில்லை. சமாளிக்கப்படாமல் நீளும் பணியிட நெருக்கடியின் விளைவு என்றே வரையறுத்தது. அதன் அடையாளங்களாக மூன்றைச் சொன்னது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது கசப்பு, வேலைத் திறன் குறைந்துவிட்டதான உணர்வு. முதலாவதும் மூன்றாவதும் உங்கள் கடிதத்தில் தெரிகின்றன. இரண்டாவது இல்லை, உங்கள் வேலையைப் பற்றி எழுதும் இடங்களில் இன்னும் பிரியம் இருக்கிறது. அது எனக்கு நம்பிக்கை தருகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமைத் தலைவலியைப் பற்றி நீங்கள் வெட்கத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. சாண்டோர் ஃபெரென்சி என்ற ஹங்கேரிய உளப்பகுப்பாய்வாளர் 1919-இலேயே, வாரம் முழுவதும் நன்றாக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தலைவலியும் மனவாட்டமும் கொள்ளும் நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன காரணங்களை இன்று அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வேலை என்ற கட்டு திடீரென்று அவிழும்போது மனம் தடுமாறுகிறது என்ற கவனிப்பு இன்றும் பொருந்துகிறது. இதில் எளிய உடற்காரணங்களும் சேர்ந்திருக்கலாம். வார நாட்களில் காலை ஆறரைக்குக் காபி குடிப்பவர் ஞாயிறன்று பத்து மணிக்குக் குடித்தால் அந்தத் தாமதமே தலைவலியைத் தரும். அதிக நேரம் தூங்கினாலும் சிலருக்கு வரும். தலைவலி அடிக்கடி வந்தாலோ, புதிய தன்மையோடு வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். எல்லாவற்றையும் மனத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஒரே ஒரு ஞாயிறை முழுவதுமாக வெறுமையாக்கிவிட்டு, அது தாங்கவில்லை என்பதால் நான் அடிமையாகிவிட்டேன் என்று தீர்ப்பெழுதுவது நியாயமில்லை. திங்கட்கிழமைக்கான வேலை அப்படியே இருக்கிறது, அதை எப்போது செய்யப்போகிறோம் என்ற திட்டமும் இல்லை என்ற நிலையில் எவருடைய மனமும் அன்று முழுவதும் அலைபாயும். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட சோதனைகள் இந்த இடத்தில் உதவும். முடிக்காத வேலையின் நினைப்பு வேறொன்றைச் செய்யும்போது குறுக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று குறிப்பாகத் திட்டமிட்டவர்களுக்கு, வேலை முடியாமல் இருந்தபோதும் அந்தக் குறுக்கீடு வெகுவாகக் குறைந்தது. வேலையை முடித்தால்தான் மனம் விடும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முடியாத வேலைக்கு நம்பத்தகுந்த ஒரு நேரத்தைக் குறித்து வைத்தாலே மனம் பெருமளவு விட்டுவிடும்.

உடலும் தரமும்

வாரத்தில் நாற்பத்தைந்தும் பத்தும் சேர்ந்தால் 55 மணி நேரம். இந்த எண்ணைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் இணைந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிடும்போது, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடும், மாரடைப்பு போன்ற இதயக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடும் கூடுதல் என்று மதிப்பிட்டது. இது பெருந்திரளான மக்களைப் பற்றிய கணக்கு; உங்களுக்கு இன்னது நடக்கும் என்ற ஆரூடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நீங்கள் நிற்கும் கோடு எது என்று தெரிந்திருப்பது நல்லது.

வாரயிறுதியை விட்டால் வேலையின் தரம் குறையுமோ என்ற உங்கள் கவலைக்கு ஒரு பழைய செய்தி பதிலாக இருக்கும். முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிபொருள் ஆலைகளில் ஞாயிறு உட்பட நீண்ட நேரம் வேலை வாங்கினார்கள். அன்று ஓர் அரசுக் குழு சேகரித்த பதிவுகளை ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி ஆராய்ந்தார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை உழைப்பு கூடக் கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதற்கு மேல் கூடுதல் குறைந்துகொண்டே போனது. 70 மணி நேரம் உழைத்தபோது கிடைத்தது 56 மணி நேரத்தில் கிடைத்ததைவிடப் பெரிதும் அதிகமில்லை. ஓய்வு நாள் இல்லாத வாரங்களில் மொத்த உற்பத்தியே அடிபட்டது. அது கையால் செய்யும் வேலை. களைத்த கை வேகத்தை இழந்தால் அது உடனே கண்ணுக்குத் தெரியும். களைத்த கண் ஒரு தவறான எண்ணைக் கடந்துபோனால் அது அப்போதைக்கு யாருக்கும் தெரியாது. கட்டடத்தின் கணக்கீட்டில் கையெழுத்திடும் ஒருவர் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அதைச் செய்வது எனக்கு அச்சமாக இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

சோம்பேறி என்ற பெயர்

இதில் உங்களுக்குப் பொய்யான ஆறுதல் தர விரும்பவில்லை. எரின் ரீட் என்பவர் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு செய்திகள் உண்டு. முதலாவது: வாரத்தில் எண்பது மணி நேரம் உண்மையாகவே உழைத்தவர்களையும், அப்படி உழைப்பதுபோலத் தோற்றம் தந்து குறைவாக உழைத்தவர்களையும் மேலாளர்களால் வேறுபடுத்திப் பார்க்க முடியவில்லை. இரண்டாவது: வேலை நேரத்தைக் குறைத்துத் தரும்படி வெளிப்படையாகக் கேட்டவர்கள் மதிப்பீட்டில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். முதல் செய்தி உங்கள் உழைப்பு நீங்கள் நினைக்கும் அளவுக்கு யார் கண்ணிலும் பட்டிருக்காது என்கிறது. இரண்டாவது, கேட்கும் முறையில் கவனம் வேண்டும் என்கிறது. நடிப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது உங்கள் இயல்புக்கும் ஒத்துவராது. "என்னால் வாரயிறுதியில் முடியவில்லை" என்று உங்களைப் பற்றிப் பேசாமல், "இந்தச் சரிபார்ப்புக்கு இத்தனை மணி நேரம் தேவைப்படுகிறது, வார நாட்களில் இவ்வளவுதான் கிடைக்கிறது" என்று வேலையைப் பற்றிப் பேசுங்கள். உங்களுக்குச் சலுகை கேட்பதற்கும் நிறுவனத்தின் கணக்கைத் திருத்துவதற்கும் கேட்பவர் காதில் பெரிய வேறுபாடு உண்டு.

உரிமை

ஏழு நாட்களில் இடைவிடாத 24 மணி நேர ஓய்வு என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1921-இல் தொழிற்சாலைகளுக்கும், 1957-இல் வணிக நிறுவனங்களுக்கும் அலுவலகங்களுக்கும் ஒப்பந்தங்கள் வழியாக வகுத்த நெறி. ஓய்வுக்கும் வேலை நேரத்துக்கு நியாயமான வரம்பு இருப்பதற்கும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்று 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் 24-ஆம் பிரிவில் கூறுகிறது. ஆனால் இவை உங்கள் நிறுவனத்தை எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன என்பது உங்கள் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. 1957 ஒப்பந்தமே உயர் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களை விலக்கிவைக்க இடம் தருகிறது. ஆறு பேருக்குப் பொறுப்பாளராக இருப்பதாலேயே நீங்கள் அந்த வகையில் வந்துவிடுவீர்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். வரமாட்டீர்கள் என்றும் எண்ணிக்கொள்ள வேண்டாம். பணி நியமனக் கடிதத்தில் பதவியின் பெயர், வேலை நேரம், வார விடுமுறை, கூடுதல் நேரம் பற்றிய வரிகளை எடுத்துக்கொண்டு, தொழிலாளர் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள். சில நாடுகளில் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமைக்கே சட்டம் உண்டு. பிரான்சில் 2017-ஆம் ஆண்டிலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும் அது நடைமுறையில் இருக்கிறது. எனினும் உங்கள் நிலையில் சட்டத்தைக் கையில் எடுப்பதற்கு முன்பாகச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன. யாரும் இன்னும் உங்களிடம் எதையும் மறுக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் இன்னும் எதையும் கேட்கவில்லை.

அந்த இரு ஒப்பந்தங்களிலும் என் மனத்தில் தங்கிய ஒரு சொற்றொடர் உண்டு. வார ஓய்வு இயன்றவரை ஒரு நிறுவனத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தரப்பட வேண்டும் என்கின்றன அவை. ஓய்வு என்பது மணிக் கணக்கு மட்டும் என்றால் இந்த வரிக்குத் தேவையே இல்லை. சோவியத் ஒன்றியம் 1929-இல் ஆலைகள் ஒருநாளும் நிற்கக் கூடாது என்பதற்காகத் தொழிலாளர்களை ஐந்து பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் வெவ்வேறு நாளை விடுமுறையாக்கியது. ஐந்து நாட்களுக்கு ஒரு விடுமுறை. ஏழு நாட்களுக்கு ஒன்று என்பதைவிட எண்ணிக்கையில் அதிகம். ஆனாலும் கணவனுக்கு ஒரு நாள், மனைவிக்கு வேறொரு நாள் என்றானபோது அந்த விடுமுறையை என்ன செய்வதென்று மக்களுக்குத் தெரியவில்லை. 1931-இல் பொது ஓய்வு நாளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். 1940-இல் ஞாயிறு மீண்டும் வந்தது. கிறிஸ்டோபால் யங், சேயூன் லிம் என்ற சமூகவியலாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வேலை இல்லாதவர்களுக்கும் வாரயிறுதியில் மனநிலை ஏறத்தாழ வேலையில் இருப்பவர்கள் அளவுக்கே உயர்கிறது என்று கண்டார்கள். அவர்களுக்கு எல்லா நாளும் ஓய்வுதான். ஆனால் மற்றவர்களும் ஓய்வாக இருக்கும் நாளில்தான் அந்த ஓய்வுக்கு உயிர் வருகிறது.

ஆகவே, "சனிக்கிழமையை எடுத்துக்கொண்டால் என்ன, புதன்கிழமை மாலை ஈடு செய்துவிடுகிறேனே" என்று நீங்கள் மகளைப் பற்றி எழுதிய வரியை நான் ஏற்கத் தயங்குகிறேன். புதன்கிழமை மாலை அவளுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது. நீங்கள் கொடுக்கும் நேரமும் அவளிடம் இருக்கும் நேரமும் ஒன்றையொன்று சந்திக்க வேண்டும்.

இனி என்ன செய்யலாம்

வேலையை விட்டுவிடுவது இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து. உங்களை வருத்துவது வேலையின் தன்மையாகத் தெரியவில்லை. எல்லையற்றுப் போன அதன் அளவே வருத்துகிறது. சோர்ந்திருக்கும்போது பெரிய முடிவுகளை எடுப்பதும் நல்லதல்ல.

முதலில் நான்கு வாரங்களுக்கு வாரயிறுதி வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த வேலை, எத்தனை மணி நேரம், வார நாளில் அது ஏன் முடியவில்லை. மூன்றாவதை எழுதும்போது நேர்மையாக இருங்கள். கூட்டங்கள், குறுக்கீடுகள், குழுவினர் தாமதமாகக் கொடுத்தது, நீங்களே மற்றவரிடம் ஒப்படைக்கத் தயங்கியது என்று எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதும் அந்தத் தாளில் இடம்பெறும் என்றே எனக்குத் தோன்றுகிறது. குழுவில் மூத்தவரே முதற்கட்டச் சரிபார்ப்பைச் செய்யும் தகுதி உள்ளவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டாவதாக, சனிக்கிழமையின் அமைதியை வாரத்துக்குள் கொண்டுவாருங்கள். செவ்வாயும் வியாழனும் காலை மூன்று மணி நேரம் கூட்டமும் இல்லை, தொலைபேசியும் இல்லை என்று குழுவுக்கும் மேலாளருக்கும் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். ஆறு மணி நேரம். அதாவது உங்கள் சனிக்கிழமை. முதல் வாரம் இரண்டு மூன்று பேர் கதவைத் தட்டத்தான் செய்வார்கள். விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.

இந்த ஏற்பாடு ஊன்றிய பிறகே வாரயிறுதியைக் குறையுங்கள், அதுவும் படிப்படியாக. ஞாயிறு இரவை முதலில் விடுங்கள். தூக்கத்தையும் திங்கட்கிழமையையும் கெடுப்பது அதுதான். வெள்ளி மாலை கடைசி இருபது நிமிடத்தில், மீதமிருக்கும் ஒவ்வொரு வேலைக்கும் அடுத்த வாரத்தில் கிழமையும் நேரமும் குறித்து வையுங்கள். தவிர்க்கவே முடியாத சனிக்கிழமை வந்தால், எட்டு முதல் பத்து வரை என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்காருங்கள். பத்து மணிக்கு எழுந்துவிடுங்கள். உங்கள் கணவரின் ஞாயிறு வேலை அவரை வருத்தாததற்குக் காரணம், அது எப்போது முடியும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான்.

மேலாளரிடம் நான்கு வாரக் குறிப்புத் தாளோடு பேசுங்கள். ஞாயிறு இரவு மின்னஞ்சலைப் பற்றி நேராக ஒரு கேள்வி போதும்: "அவற்றைத் திங்கள் காலையில் பார்த்தால் சரியா, அல்லது அன்றே பார்க்க வேண்டியவை உண்டா? உண்டென்றால் தொலைபேசியில் அழைத்துவிடுங்கள்." சரி என்றால் மூன்றாண்டுப் பாரம் ஒரு நிமிடத்தில் இறங்கும். அன்றே வேண்டும் என்று அவர் சொன்னால், அதுவரை ஊகமாக இருந்தது கோரிக்கையாகிவிடுகிறது. கோரிக்கை என்றால் அதற்கு ஈடான விடுப்பையோ ஊதியத்தையோ ஆள் பலத்தையோ பற்றிப் பேசலாம், வழக்கறிஞரிடம் கேட்கவும் பொருள் இருக்கும்.

உங்கள் குழுவிடம் பேசுவதற்கு நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். வரும் திங்களன்றே ஆறு பேரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லுங்கள்: சனிக்கிழமை நான் அனுப்புவதைத் திங்கள் வரை திறக்க வேண்டாம், இத்தனை நாள் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு என்று. சொன்னதோடு நிற்காமல், எழுதி முடித்த திருத்தங்களைத் திங்கள் காலை எட்டரைக்குப் போகும்படி நேரம் குறித்து அனுப்புங்கள். நீங்கள் சொல்வதைவிட அவர்களுக்கு எப்போது வந்து சேர்கிறது என்பதைத்தான் அவர்கள் நம்புவார்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று மாதங்கள் ஆன பிறகும், வேலை குறைந்தும் மனப்பாரம் குறையவில்லை, தூக்கம் இல்லை, விடுமுறை நாளில் காரணமற்ற அச்சம் வருகிறது என்றால், நேரில் ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். அப்போது அது வேறு கேள்வி. அதற்குக் கடிதத்தில் பதில் சொல்ல முடியாது.

மகளிடம் இப்போதே பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்காதீர்கள். "எப்போது முடியும்?" என்று அவள் கேட்பதை நிறுத்தியது, விடை மாறிக்கொண்டே இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். கணவரின் அடுத்த மாதப் பணிப்பட்டியலை வாங்கி, அவருக்கும் உங்களுக்கும் அவளுக்கும் ஒரே நாளில் விடுமுறை வரும் ஞாயிறுகளைப் பாருங்கள். இரண்டு இருக்கும். அவற்றை நாட்காட்டியில் அவளையே வட்டமிடச் சொல்லுங்கள்.